இரவல் சின்னத்தில் ஓர் எம்.எல்.ஏ.: திருமாவளவனின் மங்களூர் ஆண்டுகளும் பிறகு வந்தவையும்

வெள்ளாற்றங்கரை எழுதியது:

விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் திருமாவளவனைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் இரண்டு இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். ஒன்று 2016 காட்டுமன்னார்கோயில், 87 வாக்கில் தோல்வி. இன்னொன்று 2019 சிதம்பரம், நள்ளிரவு தாண்டி வந்த 3,219 வாக்கு வெற்றி. அதற்கெல்லாம் வெகு முன்பே அவர் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியவே இல்லை.

2001இல் மங்களூர் தொகுதி. கர்நாடகத்து மங்களூர் இல்லை. கடலூர் மாவட்டத்தில் திட்டக்குடி வட்டாரத்தில் இருந்த தனித்தொகுதி. தொகுதி மறுசீரமைப்பில் அந்தப் பெயர் போய், இப்போது திட்டக்குடி தொகுதி இருக்கிறது. திமுக கூட்டணியில் உதயசூரியன் சின்னத்தில் நின்றார். விடுதலைச் சிறுத்தைகள் சார்பில் அந்தத் தேர்தலில் நின்றவர்களில் அவர் ஒருவர்தான் வென்றார். ஐந்தாண்டு முடியவில்லை, 2004 பிப்ரவரியில் பதவியை ராஜினாமா செய்துவிட்டார்.

அந்த மூன்று ஆண்டுதான் அவருடைய அரசியல் வாழ்க்கையின் திருப்பம் என்பது என் கருத்து. 2009, 2016, 2019 எல்லாம் அதன் தொடர்ச்சி. அந்த ராஜினாமாவுக்குப் பிறகு அவர் ஒரு தேர்தலில்கூட உதயசூரியனில் நிற்கவில்லை. அதே திமுக கூட்டணியில் பலமுறை இருந்திருக்கிறார், கூட்டணிக்காக ஊர் ஊராகப் பேசியிருக்கிறார், ஆனால் தன் பெயருக்கு நேரே அந்தச் சின்னத்தை வைத்துக்கொள்ளவில்லை. இதை வெறும் கௌரவப் பிரச்சினை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிறிய கட்சிக்காரர் ஒருவர் பேரவைக்குள் யாராக உட்கார்கிறார் என்ற கேள்வி அது. அந்த வட்டாரத்துக்காரர்களும் சட்டம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

---

வைகை வடகரை எழுதியது:

நல்ல இழை. ஆனால் 2001இலிருந்து தொடங்கினால் பாதிக் கதை போய்விடும். அவர் அரசியலுக்கு வந்தது எங்கள் மதுரையில். அரசுத் தடய அறிவியல் துறையில் வேலை. பிறகு விடுதலைச் சிறுத்தைகள் என்று ஆன தலித் பேந்தர் இயக்கத்தை இங்கே நடத்திவந்த மலைச்சாமி 1989இல் இறந்தார். அதன் பிறகு பொறுப்பு இவரிடம் வந்தது. அரியலூர்ப் பக்கம் அங்கனூரில் பிறந்தவர், மதுரை மாவட்டத்துச் சேரிகளில் இரவுக் கூட்டம் பேசித்தான் தலைவரானார். பகலில் அலுவலகம், இரவில் கூட்டம். கிராமத்துக்குப் போகப் பேருந்து இல்லாவிட்டால் நடை. அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

தொண்ணூறுகளில் அந்த இயக்கத்தின் நிலைப்பாடு தேர்தல் புறக்கணிப்பு. ஓட்டுப் போட்டு என்ன மாறப்போகிறது என்ற கேள்வியை மேடைதோறும் கேட்டவர்கள், 1999இல் ஓட்டுக் கேட்டு வந்தார்கள். இதற்கு நடுவில் நடந்தது மேலவளவு. 1996 உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தனியாக ஒதுக்கப்பட்டது. முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஓர் ஊராட்சி நாற்காலிக்கு ஆறு உயிர். பதவியில் ஒன்றுமில்லை என்றால் அதை விட்டுத்தராமல் இருக்க எதிராளி கொலைவரை ஏன் போகிறான்? எங்கள் பக்கம் தேர்தல் பற்றிய பேச்சு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1999இல் மூப்பனார் தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். அரசு வேலையை விட்டுவிட்டு, சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் சைக்கிள் சின்னத்தில் நின்றார். அதுவும் இரவல் சின்னம்தான், கவனியுங்கள். முதல் தேர்தலிலேயே சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் வாக்கு, இரண்டாம் இடம். வாக்குப்பதிவு நாளில் அந்தத் தொகுதியின் சேரிகளில் நடந்த தாக்குதலையும் எரிந்த வீடுகளையும் தெரிந்தவர்கள் அந்த 2 லட்சத்தை வெறும் எண்ணாகப் பார்க்கமாட்டார்கள்.

---

நெய்வேலி டவுன்ஷிப் எழுதியது:

இரண்டு பதிவையும் படித்தேன். மரியாதையோடு மாறுபடுகிறேன். சின்னம் என்பது கட்சிக்காரர்களின் கவலை. பட்டா வேண்டி நிற்பவருக்கும், சுடுகாட்டுப் பாதை கேட்பவருக்கும் எம்.எல்.ஏ. எந்தச் சின்னத்தில் வந்தார் என்பதா முக்கியம்? ஆள் உள்ளே போனால்தான் எதுவும் நடக்கும்.

2019 கணக்கையே பாருங்கள். ஒரே கட்சி, ஒரே கூட்டணி, ஒரே தேர்தல். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்று 1 லட்சத்து 28 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். சிதம்பரத்தில் தலைவரே, கட்சிக்குத் தனியாகக் கிடைத்த பானைச் சின்னத்தில் நின்று 3,219இல் தப்பினார். தமிழ்நாடு முழுக்கத் திமுக அலை அடித்த தேர்தலில் இந்த நிலை. அந்த மூவாயிரம் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் அவர் மக்களவைக்குப் போயிருக்க மாட்டார். அப்போது நாம் சுயமரியாதை பற்றி இங்கே எழுதிக்கொண்டிருப்போம், சிதம்பரத்துக்காரர்களுக்கு வேறு எம்.பி. இருந்திருப்பார்.

---

பார் கவுன்சில் படிக்கட்டு எழுதியது:

நெய்வேலி அண்ணன் சொல்வது வாக்காளர் பக்கத்துக் கணக்கு. உள்ளே போன பிறகு வரும் கணக்கு வேறு. அதை முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

1985இல் வந்த 52ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்கிறோமே, அதுதான். அதன்படி ஓர் உறுப்பினரை எந்தக் கட்சி வேட்பாளராக நிறுத்தியதோ அந்தக் கட்சிக்காரராகவே அவர் கருதப்படுவார். நீங்கள் வெளியில் வேறு கட்சிக்குத் தலைவராக இருக்கலாம், கொடி வேறாக இருக்கலாம். உதயசூரியனில் வென்றால் பேரவைக் கணக்கில் திமுக. இரட்டை இலையில் வென்றால் அதிமுக. அந்தக் கட்சியின் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். அந்தக் கட்சியிலிருந்து தானாக விலகியதாகக் கருதப்பட்டாலும் போகும்.

இன்னொன்று, சின்னங்கள் ஆணை, 1968. ஒரு கட்சியின் சின்னத்தைப் பெற அந்தக் கட்சியின் உறுப்பினர் பட்டியலில் வேட்பாளர் பெயர் இருக்க வேண்டும். ஆக, காகிதத்தில் அவர் அந்தக் கட்சியில் சேர்ந்த பிறகுதான் சின்னமே கிடைக்கும். 2019இல் உதயசூரியனில் வென்ற தோழமைக் கட்சிக்காரர்கள் நால்வர்: விழுப்புரம் ரவிக்குமார், ஈரோடு கணேசமூர்த்தி, நாமக்கல் சின்ராஜ், பெரம்பலூர் பாரிவேந்தர். இந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்கும் போனது.

ஆகவே 2001இல் மங்களூரில் வென்றவர் சட்டப்படி திமுக உறுப்பினர். 2003 கடைசியில் திமுக பாஜக கூட்டணியை விட்டு வெளியே வந்து புதிய அணி கட்டியது. பாமக உள்ளே வந்தது, சிறுத்தைகளுக்கு இடமில்லை. கூட்டணியில் இடமில்லாத கட்சியின் தலைவர், கூட்டணித் தலைமைக் கட்சியின் உறுப்பினராகப் பேரவையில் உட்கார வேண்டும். அந்த நிலையில் இருந்துகொண்டு எதிரணியில் போட்டியிடவும் முடியாது, சொந்த நிலைப்பாட்டை எடுக்கவும் முடியாது. ராஜினாமா ஒன்றுதான் நேர்மையான வழி. அதைச் செய்தார்.

---

தென்பெண்ணை மாணவன் எழுதியது:

ஒரு சந்தேகம் சார். பேசக்கூட முடியாதா? 2021இல் பண்ருட்டியில் உதயசூரியனில் வென்ற தமிழக வாழ்வுரிமைக் கட்சித் தலைவர் வேல்முருகன் பேரவையில் அரசை விமர்சித்துப் பேசியிருக்கிறாரே?

---

பார் கவுன்சில் படிக்கட்டு எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. சட்டம் கட்டுப்படுத்துவது வாக்கை, பேச்சை அல்ல. விமர்சித்துப் பேசினார் என்பதற்காக மட்டும் பதவி போகாது. ஆனால் யார் பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது என்பது கட்சிவாரியாகப் பிரிக்கப்படும். சொந்தச் சின்னத்தில் நான்கு பேர் இருந்தால் அவர்களுக்கு ஒரு சட்டமன்றக் கட்சித் தலைவர் இருப்பார். விவாதத்தில் அந்தக் கட்சியின் பெயரைச் சொல்லி அழைப்பார்கள், அனைத்துக் கட்சிக் கூட்டத்துக்கு அழைப்பு வரும். 2021 பேரவையில் சிறுத்தைகளின் சட்டமன்றக் கட்சித் தலைவர் சிந்தனைச்செல்வன் அப்படித்தான் பேசினார். இரவல் சின்னத்துக்காரருக்குப் பேரவைத் தலைவரின் தயவு வேண்டும், அல்லது சின்னம் கொடுத்த கட்சியின் தயவு வேண்டும்.

---

பெண்ணாடம் அக்கா எழுதியது:

நான் கட்சிப் பொறுப்பில் இருந்தவள் இல்லை. ஆனால் 2001இலும் 2019இலும் எங்கள் பக்கத்தில் வாக்குச் சேகரிக்கப் போன பெண்களோடு போயிருக்கிறேன். சின்னம் வாக்காளருக்கு முக்கியமில்லை என்று நெய்வேலி அண்ணன் சொல்வதில் ஒரு பாதிதான் சரி.

எங்கள் தெருக்களில் எந்தச் சின்னம் கொடுத்தாலும் ஒரு நாளில் போய்ச் சேர்ந்துவிடும். குழந்தை முதற்கொண்டு சொல்லும். சிக்கல், மற்ற சாதிக்காரர்கள் இருக்கும் ஊர்த்தெருவில்தான். 2001இல் உதயசூரியன் என்பதால் அங்கே வேலை சுலபமாக இருந்தது. பழைய திமுக குடும்பங்கள் பழக்கத்தில் போட்டுவிட்டார்கள். வேட்பாளர் யார் என்று பேசவே தேவையில்லாமல் அந்த வாக்கு வந்தது. "சூரியனுக்குப் போடுங்கம்மா" என்றால் போதும். அந்த வாக்கும் வாக்குதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் யாருக்குப் போட்டோம் என்று சொல்லும்போது சூரியனுக்குப் போட்டோம் என்றார்கள். திருமாவளவனுக்குப் போட்டோம் என்ற சொல் அந்தத் தெருவில் வரவில்லை.

2019இல் பானை. அதை எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவுக்குள் போனால் மறைக்க ஒன்றுமே இல்லை. பானை என்றால் சிறுத்தைக் கட்சி என்று எல்லாருக்கும் தெரியும். திண்ணையில் உட்கார்ந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், பதில் சொல்லமாட்டார்கள். அந்த மௌனத்தின் நடுவே நின்று கைகூப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். இதையும் மீறி அங்கே பானைக்கு விழுந்த வாக்குகள் இருந்தன. அவை தெரிந்தே போட்ட வாக்குகள். தன் தெருக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற தயக்கத்தைத் தாண்டிப் போட்டவை. எனக்கு அந்த வாக்குகள்தான் மிகப் பெரிதாகத் தெரிகின்றன. ஒன்றேகால் லட்சம் வித்தியாசத்தில் வரும் வெற்றியில் இந்த வாக்கைத் தனியாக எண்ணிப் பார்க்க முடியாது. 3,219இல் முடியும்.

---

நெய்வேலி டவுன்ஷிப் எழுதியது:

அக்கா, இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஊர்த்தெரு மனது மாறட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் தொகுதி கைவிட்டுப் போனால்? 2016இல் திமுக, அதிமுக இரண்டையும் விட்டுத் தனி அணியாக நின்ற மக்கள் நலக் கூட்டணியில் இருபத்தைந்து இடம், அத்தனையும் தோல்வி. 87 வாக்கில் தலைவர் தோற்றது அந்தக் கூட்டணி முடிவால்தானே? அதற்கு முன் 2011இல் திமுக கூட்டணியிலேயே பத்து இடத்தில் நின்று பத்தும் போயின. 2014இல் சிதம்பரமும் திருவள்ளூரும் போயின. ஒரு கட்சி எத்தனை தோல்வியைத் தாங்கும்?

---

வெள்ளாற்றங்கரை எழுதியது:

அதைத்தான் நானும் யோசித்தேன். தோல்விகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

2004: ராஜினாமா செய்துவிட்டு, திமுக அணியும் இல்லை, அதிமுக அணியும் இல்லை. ஐக்கிய ஜனதா தளத்தின் அம்புச் சின்னத்தில் சிதம்பரத்தில் நின்றார். இரண்டு பெரிய அணிகளுக்கும் வெளியே நின்று சுமார் இரண்டரை லட்சம் வாக்கு, மீண்டும் இரண்டாம் இடம். அதிமுக அணி வேட்பாளர் அவருக்குப் பின்னால்தான் வந்தார். பெரிய கட்சியின் முதுகில் ஏறாமலே இவ்வளவு வாக்கு தனக்கு உண்டு என்று காட்டியது அந்தத் தேர்தல். 2006இல் அதிமுக ஒன்பது இடம் கொடுத்தது, அதில் இருவர் வென்றார்கள், 2009இல் திமுக சிதம்பரத்தைக் கொடுத்தது. சொந்த வாக்கு உள்ளவர் என்று தெரிந்த பிறகு வந்த இடங்கள் இவை. 2009இல் நட்சத்திரச் சின்னத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் வித்தியாசத்தில் வென்றார். இதே தொகுதியில் முன்பு இரண்டு முறை தன்னைத் தோற்கடித்த பாமகவின் பொன்னுசாமியைத்தான் அப்போது வென்றார்.

மக்கள் நலக் கூட்டணி தோற்றது உண்மை. ஆனால் ஆட்சியில் பங்கு, அதிகாரத்தில் பங்கு என்று அவர் 1999இலிருந்து சொல்லிவந்ததை ஒரு தேர்தலின் மையப் பேச்சாக்க முயன்றது அந்தக் கூட்டணிதான். தமிழ்நாட்டில் 1967க்குப் பிறகு அதுவரை கூட்டணி ஆட்சி அமைந்ததே இல்லை. 2006இல் திமுக தனிப்பெரும்பான்மை இல்லாமல் 96 இடத்தோடு ஆண்டபோதுகூட தோழமைக் கட்சிகள் வெளியிலிருந்துதான் ஆதரித்தன. அந்தச் சூழலில் இதைக் கேட்பதற்கே ஒரு துணிச்சல் வேண்டியிருந்தது.

---

தென்பெண்ணை மாணவன் எழுதியது:

2006இல் வென்ற இருவர் யார்? அவர்கள் என்ன சின்னம்?

---

வைகை வடகரை எழுதியது:

தனிச் சின்னம்தான் தம்பி. காட்டுமன்னார்கோயிலில் ரவிக்குமார், மங்களூரில் செல்வப்பெருந்தகை. அதே மங்களூர்! தலைவர் உதயசூரியனில் வென்று விட்டுவந்த தொகுதியைக் கட்சி தன் சொந்தப் பெயரில் திரும்ப வென்றது. அந்தத் தேர்தலில் அவர்கள் அதிமுக அணி. பிறகு கட்சி திமுக பக்கம் வந்தது. அப்போது யாரும் பதவி விலக வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் சட்டப்படியும் சிறுத்தைகள்தான். 2004க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வழக்கறிஞர் மேலே சொல்லிவிட்டார்.

செல்வப்பெருந்தகையின் பாதை தனிக் கதை. பகுஜன் சமாஜ் போனார், காங்கிரஸ் போனார், 2021இல் ஸ்ரீபெரும்புதூரில் கை சின்னத்தில் வென்றார், 2024இல் மாநிலக் காங்கிரஸ் தலைவரானார். சிறிய கட்சியில் வளர்ந்த ஒருவர் பெரிய கட்சிக்குப் போய் மேலே வருவதற்கு அவர் எடுத்துக்காட்டு. இதில் தப்பு ஒன்றும் இல்லை. இருந்த இடத்திலேயே கட்சியை வளர்ப்பது அதைவிடக் கடினம், அவ்வளவுதான்.

ரவிக்குமார் பேரவையில் ஒற்றை ஆள் என்ன செய்ய முடியும் என்று காட்டியவர். எழுத்தாளர், ஆதலால் கேள்விகளைத் தயாரித்துக்கொண்டு போவார். குடிசைகளைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசியவர்களில் அவர் முக்கியமானவர். 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் கலைஞர் வீட்டுவசதித் திட்டம் வந்தது. ஒரு திட்டம் ஒருவரால் மட்டும் வருவதில்லை. ஆனால் பேரவையில் அந்தக் குரல் பதிவாகியிருக்கிறது.

---

செங்கொடித் தெரு எழுதியது:

எல்லாரும் பாராட்டியே எழுதுகிறீர்கள். ஒரு இடதுசாரியாக எனக்கு இரண்டு கேள்வி உண்டு.

2001 திமுக கூட்டணியில் பாஜக இருந்தது. அந்தக் கூட்டணியின் சின்னத்தில் வென்றவர் பிறகு சனாதன எதிர்ப்பின் முகமாக ஆனார். அதே பேரவையில் 2002இல் ஜெயலலிதா அரசு மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது இவர் அதைக் கடுமையாக எதிர்த்தார், அது எனக்கும் தெரியும். அப்பாவின் பெயரையே ராமசாமி என்பதிலிருந்து தொல்காப்பியன் என்று மாற்றி, ஊர் ஊராகத் தமிழ்ப்பெயர் சூட்டும் இயக்கம் நடத்தியதும் அந்தக் காலம்தான். ஆனாலும் 2001 முடிவை எப்படிப் புரிந்துகொள்வது?

அடுத்தது, அணி மாற்றம். தமாகா, திமுக, ஐக்கிய ஜனதா தளம், அதிமுக, திமுக, மக்கள் நலக் கூட்டணி, திமுக. கொள்கை அரசியல் பேசுபவருக்கு இத்தனை மாற்றம் தேவையா? மதுரை கிழக்கில் 2001இலும் 2006இலும் எம்.எல்.ஏ.வாக இருந்த நன்மாறனை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்சிஸ்ட் கட்சி. இரண்டு முறை எம்.எல்.ஏ., கடைசிவரை வாடகை வீடு. 2021இல் ஆட்டோவில் வந்து ஆட்சியரிடம் வீடு கேட்டு மனுக் கொடுத்தார், அந்த ஆண்டு அக்டோபரில் இறந்தார். திண்டுக்கல்லில் பாலபாரதி 2001, 2006, 2011 என மூன்று முறை. இவர்களும் சிறிய கட்சிதான். சின்னச் சிக்கல் இல்லாமலே மரியாதையோடு வேலை செய்தார்கள்.

---

வைகை வடகரை எழுதியது:

தோழர், நன்மாறன் பெயரைச் சொன்னதும் கைகூப்பத்தான் தோன்றுகிறது. மேடையில் அவர் பேசினால் பத்து வயதுப் பையனும் சிரிப்பான், எழுபது வயதுப் பெரியவரும் யோசிப்பார். அவரைப் போல ஒருவர் எங்கள் தொகுதிக்குக் கிடைத்தது கொடுப்பினை.

ஆனால் உங்கள் ஒப்பீட்டில் ஒன்று விடுபட்டுவிட்டது. மார்க்சிஸ்ட் கட்சி இங்கே சிறியது, தேசிய அளவில் அங்கீகாரம் பெற்றது. அரிவாள் சுத்தியல் நட்சத்திரம் எந்தத் தேர்தலிலும் அவர்களுடையதுதான். 2001இல் அதிமுக அணி, 2006இல் திமுக அணி, 2011இல் மறுபடி அதிமுக அணி. அணி மாறியதில் உங்கள் கட்சியும் குறைவில்லை. ஆனால் நன்மாறன் ஒரு நாளும் வேறு கட்சியின் பட்டியலில் உட்கார வேண்டியிருக்கவில்லை. அந்தப் பாதுகாப்பு சேரியிலிருந்து புதிதாகக் கிளம்பிய கட்சிக்கு இருக்கவில்லை.

2001 பாஜக கேள்வி நியாயமானது. என் புரிதல் இதுதான்: அப்போது பாமக அதிமுக அணியில் இருந்தது. வடமாவட்டங்களில் எந்த அணியில் பாமக இருக்கிறதோ அங்கே சிறுத்தைகளுக்கு இடமில்லை என்ற நிலை. இருந்தது ஒரே கதவு. அதற்காக அதைச் சரி என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூட்டணியின் சுமை அவர் மேல் இருக்கத்தான் செய்கிறது.

---

செங்கொடித் தெரு எழுதியது:

சின்னத்தின் வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். அணி மாற்றம் பற்றிய என் வருத்தம் எல்லாக் கட்சிக்கும் பொது, என் கட்சிக்கும் சேர்த்து.

---

பார் கவுன்சில் படிக்கட்டு எழுதியது:

இன்னொரு கணக்கையும் போடலாம். இது யாரும் அதிகம் பேசாதது.

மாநிலக் கட்சி அங்கீகாரத்துக்குப் பல வழிகள் உண்டு. 8 சதவீத வாக்கு வாங்கலாம். நாம் தமிழர் கட்சி 2024இல் அந்த வழியில் வந்தது. சட்டமன்றத்தில் 3 சதவீத இடம் பிடிக்கலாம். 234இல் அது ஏழுக்கு மேல் போகும். இன்னொரு வழி, மாநிலத்தின் மக்களவை இடங்களில் 25க்கு ஒன்று, மிச்சத்துக்கும் ஒன்று என்ற கணக்கில் வெல்வது. தமிழ்நாட்டுக்கு 39 என்பதால் இரண்டு எம்.பி. போதும்.

2019இல் சிறுத்தைகளுக்கு இரண்டு எம்.பி. இருந்தார்கள். ஆனால் ரவிக்குமார் தேர்தல் ஆணையத்தின் ஏட்டில் திமுக. ஆக, கட்சிக்கு ஒன்றே ஒன்று. 2021இல் ஆறு இடமும் பானைச் சின்னத்திலேயே வேண்டும் என்று நின்று வாங்கினார்கள், நான்கில் வென்றார்கள். நான்கும் போதவில்லை. 2024இல் சிதம்பரம், விழுப்புரம் இரண்டும் பானை, இரண்டும் வெற்றி. 2025 ஜனவரியில் மாநிலக் கட்சி அங்கீகாரமும் பானைச் சின்னமும் வந்தன. 2019இலேயே விழுப்புரத்தில் பானையில் நின்று வென்றிருந்தால் இதே அங்கீகாரம் ஐந்தாண்டு முன்பே வந்திருக்கும்.

அங்கீகாரம் என்றால் பட்டம் மட்டும் இல்லை. அங்கீகாரம் இல்லாத கட்சி வேட்பாளருக்குப் பத்து முன்மொழிபவர் வேண்டும், இருந்தால் ஒருவர் போதும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் பெயர்கள்தான் மேலே வரும், பதிவு மட்டும் பெற்றவை அடுத்து, சுயேச்சைகள் கடைசி. எல்லாவற்றையும்விட, சின்னத்துக்காகக் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். 2024இல் பானை கிடைக்குமா கிடைக்காதா என்று வேட்புமனு வாபஸ் நாள்வரை இழுத்தது நினைவிருக்கும். அதே தேர்தலில் மதிமுகவுக்குப் பம்பரம் கிடைக்காமல் துரை வைகோ திருச்சியில் தீப்பெட்டியில் நின்றார். நாம் தமிழரின் கரும்பு விவசாயி வேறு கட்சிக்குப் போய் அவர்களுக்கு ஒலிவாங்கி வந்தது. வாபஸ் நாளிலிருந்து வாக்குப்பதிவுக்குச் சுமார் இருபது நாள். அதற்குள் ஆறு சட்டமன்றத் தொகுதி முழுக்கப் புதுச் சின்னத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும்.

---

நெய்வேலி டவுன்ஷிப் எழுதியது:

இது எனக்கும் பிடிபடுகிறது. 2024இல் சிதம்பரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல், விழுப்புரத்தில் எழுபதாயிரம், இரண்டும் பானை. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019இல் எதிர்ப்பக்கம் அதிமுக, பாமக, பாஜக எல்லாம் ஒன்று. 2024இல் அவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வித்தியாசம் கூடியதற்கு அது பெரிய காரணம். பானை ஊர்த்தெருவுக்குப் பழகிவிட்டது என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

---

பெண்ணாடம் அக்கா எழுதியது:

சரிதான் அண்ணே. அப்படியானால் 2021ஐப் பாருங்கள். வென்ற நான்கில் காட்டுமன்னார்கோயிலும் செய்யூரும் தனித்தொகுதி. நாகப்பட்டினமும் திருப்போரூரும் பொதுத்தொகுதி. நாகையில் ஆளூர் ஷாநவாஸ், திருப்போரூரில் எஸ்.எஸ். பாலாஜி, இருவரும் பானையில். வானூரும் அரக்கோணமும் தனித்தொகுதிகள், அங்கே தோற்றார்கள். தனித்தொகுதியில் தோற்றுப் பொதுத்தொகுதியில் வென்றிருக்கிறது இந்தக் கட்சி! அந்தத் தேர்தலில் அதிமுக, பாமக, பாஜக எல்லாம் ஒரே அணியில்தான் இருந்தன. கூட்டணி பலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பொதுத்தொகுதியில் பானையைப் பார்த்து, தெரிந்தே பொத்தானை அழுத்திய கைகள் அங்கே வேண்டிய அளவு இருந்தன.

---

வெள்ளாற்றங்கரை எழுதியது:

அக்கா சொன்ன நாகையையே எடுத்துக்கொள்கிறேன். அதே நாகப்பட்டினத்தில் 2016இல் இன்னொரு சிறிய கட்சிக்காரர் தமிமுன் அன்சாரி இரட்டை இலையில் வென்றார். அந்த ஆண்டு திருவாடானையில் கருணாஸ், காங்கேயத்தில் தனியரசு, இவர்களும் இரட்டை இலை. மூவரும் தனித்தனிக் கட்சித் தலைவர்கள். ஜெயலலிதா மறைந்து கட்சி உடைந்தபோது இவர்கள் எந்தப் பக்கம் என்பதே பெரிய கேள்வியானது. ஒரே தொகுதியில் அடுத்தடுத்து இரண்டு சிறிய கட்சிகள், ஒருவர் இரவல் சின்னம், அடுத்தவர் சொந்தச் சின்னம். இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. யாராவது நாகைக்காரர் இருந்தால் இரண்டு ஐந்தாண்டுகளையும் பற்றி எழுதுங்கள்.

எனக்கு வேண்டியது 2001 முதல் 2004 வரையிலான பேரவை நடவடிக்கைக் குறிப்புகள். திருமாவளவன் என்னென்ன கேள்வி கேட்டார், மானியக் கோரிக்கையில் எவ்வளவு நேரம் கிடைத்தது, மதமாற்றத் தடைச் சட்ட விவாதத்தில் அவர் பேசியது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்போது அவர் பெயருக்குப் பக்கத்தில் எந்தக் கட்சியின் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதையும். சென்னையில் இருப்பவர்கள் யாராவது நூலகத்தில் பார்க்க முடிந்தால் இங்கேயே எழுதுங்கள், மற்றவர்களும் படிக்கட்டும்.

---

தென்பெண்ணை மாணவன் எழுதியது:

நான் சென்னையில்தான் படிக்கிறேன். தேர்வு முடிந்ததும் போய்ப் பார்க்கிறேன். 2002 அக்டோபர் கூட்டத்தொடரிலிருந்து தொடங்குகிறேன், மதமாற்றத் தடைச் சட்டம் அதில்தான் வருகிறது.